சின்ன அத்தையின் காலில் விரல் தடம்

சின்ன அத்தையின் இடது காலில் புண் வந்தபோது, பெரிய அத்தை இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பெரிய அத்தைக்கும் அதே காலில், கணுக்காலுக்குச் சற்று மேலே, அதே இடத்தில்தான் ஆறாத புண் இருந்தது. ஒருநாள் துணி துவைத்துக்கொண்டிருந்தவள், மூச்சு வாங்குகிறது என்று சுவரில் சாய்ந்தாள், அவ்வளவுதான். இருவரும் அப்பாவுடன் பிறந்தவர்கள்.

விருத்தாசலத்தில் எங்கள் தெருப் பெண்கள் பலர் பீங்கான் பட்டறைக்குத்தான் போனார்கள். சின்ன அத்தை நாள் முழுக்க நின்றபடி அச்சில் களிமண் கூழ் ஊற்றிப் பொம்மை எடுப்பாள். சாயங்காலம் வரும்போது முழங்கால் வரை களிமண் வெள்ளையாகக் காய்ந்திருக்கும். துணிக்கட்டைப் பிரித்தால் புண் மட்டும் ஈரமாக இருக்கும். அதைச் சுற்றித் தோல் கருகிய மரம் போலக் கறுத்து மினுமினுத்தது.

"அக்காக்காரி தனியா போவ மாட்டேங்கறா. தங்கச்சி காலப் புடிச்சி இழுக்கறா," என்று எதிர்வீட்டுக்காரி அம்மாவிடம் சொன்னாள். அம்மா மறுக்கவில்லை. வேப்பிலை அடித்தார்கள், எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். புண் இன்னும் பெரிதானது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் நானும் சின்ன அத்தையும் மட்டும் இருந்தோம். அத்தை வீங்கிய காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தாள். நான் அருகே போனேன். கெண்டைக்காலுக்குக் கீழே வரிசையாக நான்கு குழிகள். ஈரப் பொம்மையை யாரோ அழுத்திப் பிடித்தது போல. பக்கத்தில் யாரும் இல்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். பிடி தளர்வது போல அவை மெல்ல மேலெழுந்து மறைந்தன. அத்தை கண்ணைத் திறக்காமலே, "வுட்டுடுக்கா," என்றாள்.

அப்பா வந்த பிறகுதான் சொன்னேன். "பெரியத்த கை அத்த கால்ல இருக்குதுப்பா."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. மறுநாள் காலையில் அத்தையையும் என்னையும் கூட்டிக்கொண்டு புதுச்சேரி பஸ் ஏறினார்.

டாக்டரம்மா அத்தையின் காலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. "நீர் கோத்திருக்குது. வலியில நீங்களே புடிச்சிக்கிட்டாலும் இப்படித்தான் பதியும்," என்றார். நான் நம்பவில்லை.

ஸ்கேன் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார். "கால் நரம்புக்குள்ள ரத்தம் கட்டியிருக்குதுங்க. மேல ஏற வேண்டிய ரத்தம் கீழயே தேங்குது. அதான் புண்ணு ஆறல. வூட்டுல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?"

அப்பா பெரிய அத்தையைப் பற்றிச் சொன்னார். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார்.

"அவங்களுக்கு அந்த ரத்தக்கட்டி ஒடஞ்சி நெஞ்சுக்குப் போயிருக்கலாம். ரத்தம் சீக்கிரம் உறையற கோளாறு சில குடும்பத்துல பரம்பரையா வரும். இவங்களுக்கு டெஸ்ட் எடுப்போம். நீங்களும் குடுங்க."

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும், காலை இறுக்கிச் சுற்றும் கட்டும் கொடுத்தார்கள். அடுத்த பொங்கலுக்குள் அத்தையின் புண் மூடிவிட்டது. பட்டறையில் உட்கார்ந்து வர்ணம் தீட்டும் வேலைக்கு மாறிக்கொண்டாள்.

அதற்கு முன்பே டெஸ்ட் முடிவு வாங்கப் போனோம். அத்தைக்கு இருந்த கோளாறு அப்பாவின் ரத்தத்திலும் இருந்தது. டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "பாப்பாவுக்கு இப்ப எதுவும் வேணாம். பெரியவளாயி, கொழந்தன்னு வரும்போது டாக்டர்கிட்ட மறக்காம சொல்லணும்."

பஸ் ஸ்டாண்டில் அப்பா எனக்குப் புதுச் செருப்பு வாங்கித் தந்தார். பஸ்ஸில் வழியெல்லாம் என் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார். செருப்பைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து, அவருக்கு நன்றாகத் தெரியும்படி இரண்டு கால்களையும் நீட்டி வைத்துக்கொண்டேன்.