கலியாணம் கட்டாதவர்களுக்கான மெட்டு

தோர்ண்டன் ஹீத்தில் நாங்கள் மாடியில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி ஜமெய்க்காவிலிருந்து வந்த ஒரு விதவை. நான் அவரை அன்ரி என்பேன். இழுத்து நீட்டி ஊதுகிற ட்ரொம்போன் என்ற பித்தளை வாத்தியத்தை அவர் கீழே முன்னறையில் பழகும்போதெல்லாம், இரவு ஷிப்ட் முடித்துவந்த அப்பா தலையணையால் காதைப் பொத்திக்கொள்வார். எதிரே இருந்த சின்ன மொரேவியன் தேவாலயத்தில் அன்ரியும் வேறு சிலரும் சேர்ந்து ஊதுவார்கள்.

அப்போது எனக்கு எட்டு வயது. ஒருநாள் அன்ரி தங்கள் சபையின் பழைய வழக்கத்தை எனக்கு விளக்கினார். சபையில் யாராவது இறந்தால் தேவாலய வாசலில் நின்று மூன்று மெட்டுகள் ஊதுவார்களாம். முதலாவதும் கடைசியும் எல்லோருக்கும் பொது. நடுவில் வருவதுதான் இறந்தது யார் என்று சொல்லும். மணமானவர்களுக்கு ஒன்று, விதவைகளுக்கு ஒன்று, கலியாணம் கட்டாத ஆண்களுக்கு வேறொன்று. சின்னப் பிள்ளைகளுக்கும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்று முனகிக் காட்டினார். தனக்கு ஊதப்போகும் மெட்டையும் சிரித்துக்கொண்டே பாடிக் காட்டினார்.

அடுத்த வாரம் தம்பிக்கு நியூமோனியா வந்து ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டார்கள்.

நாங்கள் சைவக்காரர், அந்தச் சபைக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்பதெல்லாம் என் புத்திக்கு எட்டவில்லை. அன்ரிக்குத் தம்பியைத் தெரியும். ஊதுவதற்கு அது போதாதா? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவரிடம் ஓடுவேன். பிள்ளைகளின் மெட்டு எது, பெரியவர்களின் மெட்டுகள் எவை என்று திரும்பத் திரும்பப் பாடச் சொல்வேன். ஒன்றோடொன்று குழம்பிவிடக் கூடாது என்ற பயம். அவரோ எனக்கு நல்ல இசைஞானம் இருப்பதாக அம்மாவிடம் புகழ்ந்தார். அம்மா காதில் எதுவும் விழவில்லை. அந்த நாட்களில் அவள் சாப்பிடுவதையே நான் காணவில்லை. எல்லாம் தம்பிக்காகத்தான் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்குப் புறப்பட அம்மா தம்பியின் உடுப்புகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது வெளியே ட்ரொம்போன்கள் எழுந்தன. முதல் மெட்டு. அது முடிந்து அடுத்தது தொடங்கும்வரை நான் மூச்சே விடவில்லை. இரண்டாவது மெட்டின் முதல் வரியிலேயே துள்ளினேன்.

"அம்மா, தம்பிக்கு இல்லை! தம்பிக்கு இல்லை!"

"சும்மா கத்தாதை பிள்ளை. என்ன அது?"

"ஆரோ செத்துப்போச்சினம். ஆனா இது கலியாணம் கட்டாத ஆம்பிளையளுக்கு ஊதுறது."

அம்மாவின் கையிலிருந்த சின்னச் சட்டை நழுவியது.

"ஆருக்கெண்டு சொன்னனி?"

நான் மறுபடி சொன்னேன். அவள் வீட்டுச் செருப்போடேயே படியிறங்கினாள். நான் பின்னால் ஓடினேன். மூன்றாவது மெட்டும் முடிந்து, வாத்தியக்காரர்கள் உறைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இறந்தவர் அவர்களுடைய சபையில் தனியாக வாழ்ந்த ஒரு கிழவர். அம்மா அன்ரியின் முன் போய் நின்று, தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் கேட்டாள்.

"வன் மோர். பிளீஸ். ஃபோர் மை பிரதர்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. இத்தனை வருடம் லண்டனில் இருந்தும் மகனுக்கும் சகோதரனுக்கும் சொல் மாறுகிறதே! நான் முன்னால் போய், அம்மாவுக்கு இங்கிலிஷ் சரியாக வராது, அது பிரதர் இல்லை, சன் என்று திருத்தினேன். அவன் சாகவில்லை, ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறான், நல்லா வந்துவிடுவான் என்றும் சொன்னேன்.

தம்பி நல்லபடியாகத்தான் வந்தான். ஆனால் அம்மாவின் கடைசித் தம்பி, கலியாணம் பேசிக்கொண்டிருந்த என் சின்ன மாமா, யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்து இறந்த செய்தி அந்த வாரமே தொலைபேசியில் வந்திருந்தது. அம்மாவும் அப்பாவும் அதை எனக்குச் சொல்லவில்லை. அவருடைய செத்தவீட்டுக்கு இங்கிருந்து யாரும் போகவும் முடியவில்லை.

அன்ரி நான் சொன்னதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அம்மாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்குத் தலையசைத்து, ட்ரொம்போனை உயர்த்தினார். அந்த நடு மெட்டு மறுபடி எழுந்தது. நான் அம்மாவின் சேலையை இழுத்து இழுத்து, பிழையாய்ச் சொல்லிப்போட்டாய் அம்மா, நிப்பாட்டச் சொல்லு என்று அழுதுகொண்டிருந்தேன்.