எடுத்தது அவர், படித்தது நாங்கள்

எண்பதுகளின் நடுவில், செஞ்சியில் நடந்தது. எங்கள் தெருக்கோடி வாடகைக் கட்டடத்தில் இரண்டு பீரோவோடு தொடங்கிய நூலகம், சுவர் முழுக்கப் புத்தகமாக வளர்ந்திருந்த நேரம். நான் அதற்குள் கால் வைத்ததே இல்லை. எங்கள் தெருவில் பெண்கள் யாரும் போக மாட்டோம். லாரி மெக்கானிக்கான என் கணவர் பெயரில் உறுப்பினர் அட்டை இருந்தது. அவர் கொண்டுவரும் நாவலை நான் முடித்ததும், கொல்லைச் சுவர் தாண்டி ஐந்து வீடுகளுக்குப் போகும். தவணைக்குள் சுற்றி வந்துவிடும். அவர் மட்டும் ஒரு பக்கம்கூடப் புரட்டியதில்லை.

ஒருநாள் மதியம் மனுஷன் வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"லைப்ரரிக்கு மேலதிகாரி வந்துகிறாரு. அதிகமா புக்கு எடுத்தவன் நான்தான்னு பட்டறைலேர்ந்து கூப்ட்டாங்க. கடைசியா எடுத்ததுல இன்னா கதைன்னு கேட்டாரு. முழிச்சேன். படிக்க ஆளே இல்லாம நூலகர் பொய்யா பேர் எழுதிட்டாருன்னு, லைப்ரரியவே வேற ஊருக்கு மாத்தப் போறாராம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தின நாள் நான் அழுது அழுது முடித்த கதை அது!

"என் பொண்டாட்டி படிக்கிறான்னு சொன்னா வாய்ல இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

"நாலு ஆம்பளைங்க நடுவுல எப்டிடி சொல்றது?"

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஐந்து வீட்டுக் கதவையும் தட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் வந்தார்கள். நூலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆண்கள் எழுந்து ஒதுங்கினார்கள்.

"ஐயா, எடுத்தது அவரு. படிச்சது நாங்க. கேளுங்க" என்றேன்.

அதிகாரி பதிவேட்டைப் பார்த்து ஒரு தலைப்பைச் சொன்னார். நான் கதையைத் தொடங்கினேன். பக்கத்து வீட்டு அக்கா பொறுக்க முடியாமல், "அந்தப் பொண்ணு செத்திருக்கவே கூடாது சார், எழுதுனவருக்கு ஈவிரக்கமே இல்ல" என்றாள். இன்னொருத்தி எழுதியவருக்குப் பரிந்து பேச, அங்கேயே சண்டை. நாலாவது புத்தகத்தில் அதிகாரி கையெடுத்துக் கும்பிட்டார்.

"போதும்மா! லைப்ரரி இங்கேயே இருக்கட்டும்."

நூலகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்தவர் அட்டையில் படித்தது தப்பு என்று எங்களுக்கும் ஒரு குட்டு வைத்துவிட்டு, அதிகாரி ஆறு விண்ணப்பப் படிவங்களை நீட்டினார். என் படிவத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர், எங்கள் பின்னாலேயே வந்திருந்த என் கணவர். கையெல்லாம் கிரீஸ், முகமெல்லாம் சிரிப்பு.

அதுவரை எந்தக் காகிதத்திலும் இன்னாரின் மனைவியாகவே இருந்தவள் நான். இன்றைக்கும் எந்த அலுவலகத்திலாவது பெயரைக் கேட்டால், அக்கம்பக்கம் பார்க்காமல் என் பெயரைச் சத்தமாகச் சொல்கிறேன் என்றால், அந்த ஒரு மதியம் கொடுத்த தைரியம்தான்.