நீலம் ஏறிய ஓடு

சனிக்கிழமை காலை மாமல்லபுரம் பஸ்ஸிலிருந்து இறங்கிய மீனவர் ஏழுமலை, செங்கல்பட்டு தாலுகா கச்சேரி வாசலில் நின்ற, பத்திரிகை நிருபரான என்னிடம் நேராக வந்தார். "நம்ம சேத்து வாத்தியாரு பூட்டாரு சார்" என்றார். காலமான நிலவியல் விரிவுரையாளர் திருவேங்கடத்துக்கு மீனவர்கள் வைத்த பெயர் அது. அவரை அறிந்த உங்களில் பலரும் அப்படித்தான் அழைத்திருப்பீர்கள்.

ஏழுமலையின் கட்டுமரத்தில் போய், எடை கட்டிய இரும்புக் குழாயைக் கடலடியில் இறக்கிச் சேறு எடுப்பார் திருவேங்கடம். ஒருமுறை நானும் போனேன்.

"இன்னா வாத்தியாரே, ஊரே மீனு புடிச்சிகினு கீது, நீ சேறு புடிச்சிகினு கீற?"

"உன் மீனு நாளைக்கே நாறிடும் ஏழுமலை. என் சரக்கு லட்சம் வருசமானாலும் நாறாது."

அந்தச் சேற்றைச் சல்லடையில் அலசினால் கடுகைவிடச் சிறிய ஓடுகள் மிஞ்சும். கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓடுகள். ஒவ்வோர் இனமும் ஒரு காலத்தில் தோன்றி, ஒரு காலத்தில் அற்றுப்போனது. ஓடு எந்த இனம் என்று தெரிந்தால், அது கிடந்த அடுக்கின் காலமும் தெரியும். நனைத்த தூரிகை நுனியால் ஒன்றைத் தொட்டெடுத்து நுண்ணோக்கியில் காட்டினார். சுருள் சுருளாக அறைகள், சுவரெங்கும் துளைகள். மாமல்லபுரத்துச் சிற்பங்களை எத்தனையோ முறை பார்த்தவன் நான். அன்று நுண்ணோக்கியில் மறுபடி மறுபடி குனிந்து பார்த்தேன்.

ஒரு மாலை என் பத்திரிகைக்குச் செய்தி தந்தார். குழாயின் அடிச் சேற்றில், என்றோ அற்றுப்போன இனத்தின் ஓடு கிடைத்திருக்கிறது. அப்படியானால் அந்தக் கடலடி நினைத்ததைவிட மிகப் பழையது. ஆழ்கடலுக்குப் புறப்படவிருந்த ஓர் ஆய்வுக் கப்பலில் அவர் இடம் கேட்டிருந்தார். இது அதை வாங்கித் தரும் என்று நம்பினார்.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் நின்றார்.

"அனுப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

"அனுப்பாதீங்க. ஓடு நீலமா இருக்கு."

ஒவ்வொரு மண்ணை அலசியபின்பும் சல்லடையை நீலச் சாயத்தில் முக்குவது அவர் வழக்கம். கண்ணியில் பழைய ஓடு ஏதும் சிக்கியிருந்தால் அதில் சாயம் ஏறும். பிறகு வேறு மண்ணோடு உதிர்ந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். முந்தைய வாரம் அதே சல்லடையில், பல கோடி ஆண்டுப் பழைய அரியலூர்ப் பாறைத் தூளை அலசியிருந்தார். அரிக்கேன் விளக்கின் மஞ்சள் ஒளியில் அந்த மெல்லிய நீலம் தெரியவில்லை. விடிந்ததும் சன்னல் வெளிச்சத்தில் தெரிந்தது.

"வேறு யாருக்கும் தெரியாதே" என்றேன்.

"அரியலூர்க்காரனை மாமல்லபுரத்தான்னு எப்படி சார் எழுதுறது?"

கப்பலை அனுப்பியவர்களுக்கும் இந்தத் தவறை அவரே எழுதிப் போட்டார். இடம் கிடைக்கவில்லை. ஆனால் கப்பல் திரும்பிய பின் செங்கல்பட்டுக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே குழாய் குழாயாக ஆழ்கடல் சேறு. காலம் கணித்துத் தரும்படி அவரைத்தான் கேட்டிருந்தார்கள்.

தாம் போக முடியாத கடலின் அடியை அவர் சன்னலோரம் உட்கார்ந்து, கீழிருந்து மேலாகப் படித்தார். ஓரிடத்தில் தூரிகையை நிறுத்தி, "இங்க இந்த இனம் முடிஞ்சுபோச்சு" என்றார். ஒரு விரற்கடைச் சேறு படிய ஆயிரம் ஆண்டுக்கு மேலாகுமாம். அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு முழம் இருந்தது. நான் தொடப்போன கையை இழுத்துக்கொண்டேன்.

அந்த அரியலூர் ஓட்டைக் கறுப்பு அட்டையில் ஒட்டி, கண்ணாடியால் மூடி எனக்குத் தந்திருந்தார். என் மேசையில் இருக்கிறது. வெறும் கண்ணுக்கு ஒரு தூசு. ஏழுமலை சேதி சொல்லிவிட்டுப் போன பிறகு அதைச் சன்னலோரம் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடியை வைத்தேன். நீலம் அப்படியே இருக்கிறது.