வல்லக்கோட்டைக்குப் போன வேனும் வழியில் அணைந்த ஹெட்லைட்டும்

வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கவேண்டும் என்று என் மனைவி கலைவாணி கேட்டு ஏழெட்டு மாதம் ஆகிவிட்டது. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது நான்தான். கடைசியில் போன நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுக் கிளம்பினோம். முடிச்சூரில் வீட்டைப் பூட்டும்போது காலை மணி 7.40. வண்டி, எங்கள் பழைய டீசல் வேன். 2004-இல் பதிவானது, நான் மூன்றாவது சொந்தக்காரன். பழைய வண்டியை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் போக நினைக்கிறவர்கள் முழுவதும் படியுங்கள். கோயிலைப் பற்றிக் கொஞ்சமும் வண்டியைப் பற்றி நிறையவும் இருக்கும்.

முதலில் கலைவாணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. அவளுக்குச் சங்கரன்கோவில் பக்கம். இருபது வயதில் ஒரகடத்துக்கு வந்து, ஹாஸ்டலில் தங்கி, கார்களுக்கு வயர் கட்டு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் ஒன்பது வருடம் லைனில் வேலை பார்த்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஷிப்ட் முடிந்து வரும்போது, அவள் வந்த வேன் சாலையோரம் விளக்கே இல்லாமல் நின்றிருந்த டிரெய்லரில் மோதியது. இடது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு இருட்டிய பின் அவள் எந்த வண்டியிலும் ஏறியதில்லை. அதனால் அன்றைக்கும் எங்கள் ஒப்பந்தம் ஒன்றே ஒன்றுதான்: ஐந்தரைக்குள் வீடு.

முடிச்சூரிலிருந்து படப்பை வழியாக ஒரகடம் என் மீட்டரில் 22 கிலோமீட்டர். 55 நிமிடம் ஆனது. காலை ஒன்பதுக்கு முன்னால் ஒரகடம் சந்திப்பில் போய் மாட்டினால் கம்பெனி பஸ்களுக்கு நடுவில்தான் நகரவேண்டும், நாங்கள் மாட்டினோம். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் சாலையில் திரும்பிக் கொஞ்ச நேரத்தில் வல்லக்கோட்டை. செவ்வாய்க்கிழமை என்பதால் கூட்டம். வண்டி நிறுத்த 30 ரூபாய் வாங்கினார்கள். பொது வரிசையில் தரிசனத்துக்கு 50 நிமிடம். ஆளைவிட உயரமாக நிற்கும் முருகனைக் கலைவாணி நிமிர்ந்து பார்த்தாள், ஒன்றும் வேண்டிக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. சும்மா நின்றாள். கால் வலிக்கிறதா என்று கேட்டதற்கு, "வலிச்சா சொல்ல மாட்டேனா?" என்றாள்.

மதியச் சாப்பாடு பிள்ளைப்பாக்கத்தில், கலைவாணியோடு லைனில் வேலை பார்த்த ஜெயந்தியின் வீட்டில். ஒரு பக்கம் தொழிற்சாலை மதில், மதிலை ஒட்டி நெல், அதற்கடுத்து "மனை விற்பனைக்கு" பலகை. அங்கே அப்படித்தான். கருவாட்டுக் குழம்பு பிரமாதம். நாங்கள் மூன்று மணிக்குக் கிளம்பியிருக்கவேண்டும். ஆனால் இரண்டு வருடத்துப் பேச்சு மிச்சமிருந்தது. கலைவாணி அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்ததால் எழுப்ப மனம் வரவில்லை. கிளம்பும்போது 5.05. வானம் மூடிக்கொண்டு நின்றது.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். அதற்கு மூன்று வாரத்துக்கு முன்பு, வேனின் முன்பக்கத் தகடு துருப்பிடித்திருந்ததால் ஒரு பட்டறையில் கொடுத்துத் தட்டிப் பெயின்ட் அடித்து வாங்கினேன். வந்ததிலிருந்து ஹெட்லைட் மஞ்சளாக எரிந்தது. ஏன் என்று யோசிக்கவேண்டிய நான், யோசிக்காமல் 100 வாட் பல்பு இரண்டு வாங்கி மாட்டினேன். போர்ட்டிகோவில் போட்டுப் பார்த்தபோது கொஞ்சம் பரவாயில்லை போலிருந்தது. "லைட்டெல்லாம் புதுசு" என்று கலைவாணியிடம் பெருமையும் பேசியிருந்தேன். அதை நம்பித்தான் அன்று நேரமாகியும் அவள் வண்டியில் ஏறினாள்.

ஸ்ரீபெரும்புதூர் சாலையில் ஏறி ஒரகடம் நோக்கித் தெற்கே வரும்போது மழை பிடித்துக்கொண்டது. 5.35-க்கு ஹெட்லைட்டைப் போட்டேன்.

"ஏன் இப்படி மஞ்சளா எரியுது?" என்றாள்.

"மழைல அப்படித்தான் தெரியும்."

"இண்டிகேட்டர் போட்டா ஹெட்லைட்டும் சேந்து கண்ணடிக்குது, பாத்தீயளா?"

நான் பார்த்திருந்தேன். பார்க்காத மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தேன். வல்லக்கோட்டைக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது இரண்டு விளக்கும் ஒரேயடியாக மங்கின. டிம், பிரைட் இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டினேன். டாஷ்போர்டில் பிரைட்டைக் காட்டும் நீல விளக்கு மட்டும் லேசாக மினுங்கியது, முன்னால் கறுப்பு. எதிரே வந்த டிரெய்லரின் வெளிச்சத்தில் ஓரம் தெரிந்ததை வைத்து, ஒரு கம்பெனி மதிலை ஒட்டி மண்ணில் இறக்கி நிறுத்தினேன். கலைவாணி கதவுக்கு மேலிருந்த பிடியை இரண்டு கையாலும் பற்றியிருந்தாள்.

"இப்ப இருட்டுல நிக்குற வண்டி நம்மதுதான்" என்றாள்.

ஷிப்ட் விடுகிற நேரம். மழைக்கோட்டு மாட்டிய பைக்குகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும் ஹசார்டு விளக்கைப் போட்டேன். பின்பக்கம் நன்றாக மின்னியது, முன்பக்கம் செத்துப்போய் மின்னியது. அதற்குள் அவள் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். பின்னால் இருபதடி தள்ளி மதிலோரமாக நின்று, போன் டார்ச்சைச் சாலைப் பக்கம் ஆட்டிக்கொண்டிருந்தாள். "நீங்க பாக்க வேண்டியத பாருங்க! பின்னால வாரவனுக்கு நாம தெரியணும்லா!" என்று மழையில் கத்தினாள்.

நான் பார்த்தேன். ஃபியூஸ் இரண்டும் நன்றாக இருந்தன. ஹார்னுக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் குட்டிப் பெட்டியான ரிலேயைக் கழற்றி ஹெட்லைட் ரிலே இருந்த இடத்தில் மாட்டிப் பார்த்தேன், என் வேனில் இரண்டும் ஒரே மாதிரி. பலனில்லை. பழைய பல்பைத் திரும்ப மாட்டலாமென்றால் அது வீட்டில் இருந்தது.

அப்போது காலி தண்ணீர் கேன்களோடு வந்த ஒரு குட்டி டெம்போ எங்களுக்குப் பின்னால் ஓரங்கட்டியது. தன் ஹசார்டையும் போட்டுவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டியபடி இறங்கினார் ஓட்டுநர். நாற்பது வயது இருக்கும். பெயர் அந்தோணி என்று பிறகுதான் தெரிந்தது.

"இன்னா சார், லைட்டு அவுட்டா? ஃபியூஸ் பாத்தியா?"

"பாத்தேன். நல்லா இருக்கு."

"அப்ப சுச்சுதான் போயிருக்கும். இங்க நிக்காத சார், ஒர்த்தன் இல்லனா ஒர்த்தன் வந்து சொருவிடுவான். நான் முன்னால மெதுவா போறேன். என் பின்லைட்ட பாத்துக்கினே வந்துடு. ஒரகடம் தாண்டி நம்ம ஆளு கடை வச்சிகிறான்."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. ஆறேழு கிலோமீட்டர்தானே. சாவியைக் கையில் எடுத்தேன். பின்னாலிருந்து நொண்டி நொண்டி வந்த கலைவாணி என்னை மறித்து நின்றாள். தலையெல்லாம் தண்ணீர் சொட்டியது.

"லைட்டு இல்லாத வண்டில நான் ஏற மாட்டேன். நீங்களும் ஏறக் கூடாது."

"கொஞ்ச தூரம்தாம்மா."

"அன்னிக்கும் கொஞ்ச தூரம்தான்."

அந்தோணி என்னைப் பார்த்தார். நான் சாவியைப் பையில் போட்டேன்.

"அண்ணே, டெஸ்ட் லாம்பு வச்சிருக்கீயளா?" என்று அவரிடம் கேட்டாள். நுனியில் ஊசியும் நடுவில் சின்ன பல்பும் மறுமுனையில் கிளிப்பும் கொண்ட அந்தச் சோதனை விளக்கு அவரிடம் இருந்தது. "நம்ம வண்டியும் கெழவிதான்மா, வயித்துல நெருப்ப கட்டிக்கினுதான் ஓட்றேன்" என்று எடுத்து வந்தார். ஒரு குடையும் கொண்டுவந்து அவள் தலைக்கு மேல் பிடித்தார். டார்ச் என் கையில்.

கலைவாணி இடது ஹெட்லைட்டின் பின்னால் இருந்த சாக்கெட்டை உருவினாள். "ரெண்டு லைட்டும் ஒண்ணா போயிருக்கு. அப்ப ரெண்டுக்கும் பொதுவா உள்ளதப் பாக்கணும்" என்றாள், யாரிடமும் சொல்லாத மாதிரி. சாக்கெட்டில் மூன்று துளை: டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று. கிளிப்பை பேட்டரி மைனஸில் போட்டு, ஊசியை டிம் துளையில் வைத்தாள். சோதனை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"கரன்ட் வருது. சுவிட்சு நல்லாருக்கு."

பிறகு கிளிப்பை பேட்டரி பிளஸுக்கு மாற்றி, ஊசியை எர்த் துளையில் வைத்தாள். விளக்கு எரிந்தும் எரியாமலும் துடித்தது.

"எர்த்து இல்ல" என்றாள். அந்த இரண்டு வார்த்தையில் இருந்த நிச்சயத்தை நான் இரண்டு வருடமாகக் கேட்கவில்லை.

போகிற கரன்ட் திரும்பி வர வழியில்லை, விஷயம் அவ்வளவுதான். அந்தோணியிடமிருந்த ஒரு முழ வயரை பேட்டரி மைனஸிலிருந்து எர்த் துளைக்குக் கொடுத்து, சாக்கெட்டை மாட்டினாள். சாலையோரப் புதரும் மழைக்கம்பிகளும் வெள்ளையாகத் தெரிந்தன.

"அடி சக்க!" என்றார் அந்தோணி.

ஆனால் அதை அப்படியே விட்டுவிட அவள் சம்மதிக்கவில்லை. அசைந்தால் கழன்றுவிடுமாம். கறுப்பு வயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். அது இடது ஹெட்லைட்டுக்குக் கீழே தகட்டில் ஒரு போல்ட்டில் முடிந்தது. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனால், தகட்டின் மேல் அழகாகப் புதுப் பெயின்ட், அதற்கு மேல் வயர் முனை. பெயின்டுக்கு மேலேயே வைத்து முடுக்கியிருக்கிறார்கள். ஓரத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் இருந்த தொடர்பை என் 100 வாட் பல்பு சூடாக்கிக் கருக்கியிருந்தது. மிச்சத்தை மழை முடித்துவைத்தது.

"இத யாரு மாட்டுனா?" என்று பல்பைக் காட்டிக் கேட்டாள். நான்தான் என்றேன். "எங்க லைன்ல இப்படிப் பண்ணியிருந்தா சூப்பர்வைசர் அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிருப்பார்" என்றாள். அந்தோணி குடைக்குப் பின்னால் சிரித்தார்.

பத்தாம் நம்பர் ஸ்பேனரால் போல்ட்டைக் கழற்றினேன். இரும்பறுக்கும் ஹேக்ஸா பிளேடின் உடைந்த துண்டு ஒன்றால் அவள் பெயின்டைச் சுரண்டினாள், தகடு வெள்ளி மாதிரி பளபளக்கிறவரை. வயர் முனையையும் சுரண்டினாள். முடுக்கினேன். சுவிட்சைப் போட்டபோது மணி 6.40. இரண்டு விளக்கும் எரிந்தன. இண்டிகேட்டர் போட்டுப் பார்த்தோம், கண்ணடிக்கவில்லை. நான் அப்படியே பம்பரில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தோணி எதுவும் வாங்க மறுத்துவிட்டார். "காசு வேணாம் சார். ஏம்மா, என் வண்டில ஹார்ன் அடிச்சா வைப்பர் நிக்குது, அது இன்னாமா?" என்று கேட்டார். அதுவும் எர்த்தாகத்தான் இருக்கும், வெயில் வந்ததும் போல்ட்டுகளைச் சுத்தம் பண்ணுங்க என்று அவள் சொல்ல, தலையாட்டிவிட்டுப் போனார்.

பழைய வண்டிக்காரர்களுக்குச் சொல்கிறேன். பெயின்ட் வேலை முடிந்து வண்டி வந்தால், முன்பக்க எர்த் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள், அடியில் வெறும் தகடு தெரியவேண்டும். விளக்கு மங்கினால் பெரிய பல்பு மாட்டாதீர்கள், நான் மறுநாளே 60/55 வாட்டுக்குத் திரும்பிவிட்டேன். இண்டிகேட்டரோடு ஹெட்லைட் சேர்ந்து மினுங்கினால் முதல் சந்தேகம் எர்த்தின் மேல் வரட்டும். சோதனை விளக்கு 120 ரூபாய்தான், ஒரு முழ வயரையும் சேர்த்து டாஷ்போர்டில் போட்டுவையுங்கள். எதுவும் சரியாகாவிட்டால் இழுவை வண்டிக்குக் காத்திருங்கள். இன்னொருவர் பின்விளக்கை நம்பி மட்டும் கிளம்பாதீர்கள். நான் கிளம்ப இருந்தேன்.

நாற்பதுக்கு மேல் போகாமல் ஓட்டினேன். கலைவாணி பிடியை விடவில்லை, ஆனால் ஒரு கையால்தான் பிடித்திருந்தாள். படப்பையில் நிறுத்தி இரண்டு டீ குடித்தோம். ஈரத்தில் இருவருக்கும் பல் தந்தியடித்தது.

வீட்டுக்கு வந்தபோது மணி 8.05. எஞ்சினை அணைத்தேன். ஹெட்லைட் இன்னும் வீட்டுச் சுவரில் விழுந்துகொண்டிருந்தது, இரண்டு வட்டம், பக்கத்தில் பக்கத்தில். நான் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"அணைக்காதீய" என்றாள். "கொஞ்ச நேரம் எரியட்டும்."

பேட்டரி இறங்கிவிடும் என்று தெரிந்தும் கையை எடுத்துக்கொண்டேன்.