மாப்பிள்ளைக்குப் போன கேசட்

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிறு. என் நாள்குறிப்பில் காலை பத்தரை என்றிருக்கிறது. பொழிச்சலூரில் எங்கள் பக்கத்து வீட்டம்மா, குவைத்திலிருந்த மருமகனுக்குக் கேசட்டில் பதில் பேசினார். மகளை அங்கே அனுப்பச் சம்மதமா என்பதை மாமியார் வாயாலேயே கேட்க வேண்டுமென்று மருமகன் எழுதியிருந்தார். மகள் அருகில் நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

என் டேப்ரிக்கார்டரின் மைக்கை அம்மாவின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பிடித்தேன். குவைத்திலேயே வேலை பார்த்த தன் மகனுக்கு அவர் சொன்ன சலாம் தெளிவாகப் பதிந்தது. மருமகனிடம் பேசியது மட்டும் முணுமுணுப்பாக இருந்தது. டேப் உரசும் ஹெட்டைத் துடைத்தேன், கேசட்டை மாற்றினேன். மூன்று முறையும் அப்படியே. அதே மைக், அதே தூரம், ஒன்றும் விளங்கவில்லை.

"இன்னா தம்பி, மிசினு பேஜார் பண்ணுதா?" என்றார் அம்மா.

நான்காம் முறை அவரையே பார்த்தேன். "மாப்ளே" என்றதும் முந்தானை வாயை மூடியது.

"அதை எடுத்துடுங்கம்மா."

"மாப்ளைகிட்ட வாயைக் காட்டிகினா பேசுவாங்க?"

"அவரு குவைத்துல இருக்காரும்மா!" என்றாள் மகள்.

"இருக்கட்டும். கேக்குறாருல்ல?"

மைக்கை அவரிடமே கொடுத்தேன். முந்தானைக்குள் கொண்டுபோய்ப் பேசினார். அவ்வளவு கிட்டே வைத்தால் மூச்சு இரையும் என்று படித்திருந்தேன்; இரையவில்லை, ஏனென்றும் புரியவில்லை. "கூட்டிகினு போங்க மாப்ளே" என்பது ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டது. மகள் இன்னொரு தடவை போடச் சொன்னாள்.