மாமாவின் கட்டைவிரலும் ஒரு ஜாக்கியும்

சீட்டை ஓங்கிப் பலகையில் அடிக்கும் சத்தம் எங்கே கேட்டாலும் என் வலது கட்டைவிரல் துள்ளப் பார்க்கும். சிரிப்பும் வரும்.

தொண்ணூறுகளின் கடைசி. முக்கூடலில் என் தாய்மாமாவுக்குப் பக்கவாதம். கால் தேறியது, பேச்சு தேறியது (அது தேறாமலே இருந்திருக்கலாம் என்றாள் அத்தை), வலது கை மட்டும் மடியில் நனைந்த துண்டுபோலக் கிடந்தது. அவருக்குக் கவலை சோறு அல்ல, கையெழுத்து அல்ல, சீட்டு. ஞாயிறுதோறும் நான்கு பேர் ஆடும் இருபத்தெட்டு என்ற ஆட்டத்தில் நான் அவருக்கு ஜோடி. அதில் ஜாக்கிதான் தலைச்சீட்டு, ஒன்பது அதற்கு அடுத்தது. இடது கையில் சீட்டை விரித்து எதிராளிக்கே காட்டிக்கொண்டிருந்தார், வாராவாரம் தோற்றோம். எதிர் ஜோடி இரக்கப்பட்டு, அவர் இடத்துக்கு வேறு ஆள் தேடியது. தோல்வியைத் தாங்கினார், அந்த இரக்கத்தைத் தாங்கவில்லை.

ஒரு மணிநேரப் பேருந்துத் தொலைவில் நான் வேலைபார்த்த வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில், வெளிநாட்டில் படித்துத் திரும்பிய நரம்பு டாக்டர் இருந்தார். அவரிடம் கைப்பிடி போட்ட கறுப்பு வளையம் ஒன்று. தலைமேல் வைத்து அழுத்தினால் காந்தம் ஒரு கணம் மூளையைத் தட்டும், மூளை முதுகுத்தண்டு வழியாகக் கைக்குச் சொல்லியனுப்பும், கட்டைவிரல் துள்ளும். துள்ளினால் வழி சாகவில்லை, பயிற்சியில் கை தேறலாம். துள்ளாவிட்டால் கை இப்படியே கிடக்கும்.

“இரும்பு எதுவும் உடம்புல இருக்கக்கூடாது அண்ணாச்சி.”

மாமாவிடமிருந்து கடிகாரம், கண்ணாடி, அரைஞாண் தாயத்து எல்லாம் வந்தன. கடைசியாக வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பாக்குவெட்டி.

“மொதல்ல இவனுக்கு வச்சுப் பாருங்க. இவன் மண்டை கெட்டாலும் வெளிய தெரியாது.”

டாக்டர் எனக்கு வைத்தார். டக்! மாமா ஜாக்கியை இறக்கும் அதே சத்தம். என் கட்டைவிரல் என்னைக் கேளாமல் எழுந்து உட்கார்ந்தது.

“ஏலே, நீயா ஆட்டுத?”

“இல்ல மாமா, அதுவா ஆடுது.”

“அப்ப நீ எதுக்குல?”

பிறகு அவர் தலை. டக். ஒன்றுமில்லை. வளையத்தைப் பைய நகர்த்தி மறுபடி டக், டக். மாமா தன் கையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“அந்தக் கையால ஏதாவது செய்யுத மாதிரி நெனைங்க அண்ணாச்சி. நெனச்சாலே பாதை கொஞ்சம் முழிச்சுக்கிடும். சோறு பெசையுத மாதிரி...”

சோறு பலிக்கவில்லை. சட்டைப் பொத்தானும் பலிக்கவில்லை. நான் அவர் காதில் குனிந்தேன். “மாமா, துருப்புல ஆட்டம். எதிராளி ஒம்பத எறக்கிட்டு இளிக்கான். ஜாக்கி உங்க கையில.”

டக்!

விரல் துள்ளியது. பல்லிவால் அளவுதான். “விழுந்தான்லே!” என்று மாமா போட்ட கூச்சலில் கீழே தெருவில் பேருந்து இரைச்சல்கூட ஒரு கணம் ஓய்ந்தது.

உறுதி செய்ய டாக்டர் மறுபடி வளையத்தைத் தூக்கினார். மாமா தடுத்தார்.

“எதிராளி என்ன எறக்கியிருக்கான், சொல்லுங்க. சும்மா சும்மா ஜாக்கிய எறக்க முடியுமா?”

சீட்டே தெரியாத டாக்டர் முழித்து, நான் சொன்னதையே பிடித்துக்கொண்டு “ஒம்பது” என்றார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்பது. ஒவ்வொரு ஒன்பதுக்கும் விரல்.

மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும், முழுசாகத் தேறும் என்று வாக்குத் தர முடியாது என்றார் டாக்டர். மாமா காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. வேலைக்குத் திரும்ப வேண்டிய நான் அவரை முக்கூடல் பேருந்தில் ஏற்றிவிட்டுக் கீழே நின்றேன். ஜன்னலில் உட்கார்ந்து சட்டம் போட்டார்.

“ஞாயித்துக்கெழம வந்ததும் புது ஆளு வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லிரு. அளக்குத படியில அரிசியப் போட்டு அதுல சீட்டச் சொருவி வச்சுக்கிடுதேன். மத்தச் சீட்டெல்லாம் இடது கை போடும். ஜாக்கிக்கு மட்டும் வலது கை. அது எந்திரிக்க வரைக்கும் எல்லாவனும் காத்துக் கெடக்கட்டும்.”

“வலது கை அசைஞ்சாலே ஜாக்கி இருக்குன்னு எல்லாத்துக்கும் தெரிஞ்சிருமே மாமா!”

பேருந்து நகர்ந்துவிட்டது. தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

“தெரியட்டும்லே!”