மலை மாறியவர்கள்

எங்கள் தோட்டத்தில் ‘மலை மாறுறது’ என்றால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். மாகாணத்துக்கே பெரிய டாக்டர் பார்வையிட வருகிறார் என்ற செய்தி வந்ததும், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் காய்ச்சலோடு படுத்திருப்பவர்களை எழுப்பிக் கம்பளி போர்த்தி, காப்பி பயிரிட்ட காலத்துப் பழைய வண்டிப் பாதை வழியாக ரப்பர் மலைக்கு அனுப்பிவிடுவார்கள். அவர் எங்கள் லயங்களைப் பார்த்துவிட்டு, மோட்டாரில் கீழ் ரோட்டைச் சுற்றிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்குப் போவார். அவர் அங்கே போய்ச் சேருவதற்குள் அந்தத் தோட்டத்து நோயாளிகள் அதே வண்டிப் பாதையில் ஏறிவிடுவார்கள். எங்கள் ஆட்கள் வீடு திரும்பிவிடுவார்கள். இப்படி, நோயாளிகள் எப்போதும் அவருக்கு ஒரு மலை தள்ளியே இருந்தார்கள்.

கல்யாணமாகி றக்வானப் பக்கம் வந்த புதிதில் இதைக் கேட்டபோது கேலிக்குச் சொல்கிறார்கள் என்றே நினைத்தேன். கேலி இல்லை. முன்பொரு காலத்தில் உடம்பில் கொப்புளம் போட்ட காய்ச்சல் வந்தபோது, கண்ணில் பட்டவர்களையெல்லாம் நகரத்துக்கு வெளியே இருந்த தனிக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். போனவர்களில் பலர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு எந்தக் காய்ச்சலானாலும் ஜனங்களுக்கு அந்தக் கொட்டகைதான் கண்முன் நின்றது. தோட்டத்துப் பெரிய துரைக்கும் இது ஒருவகையில் வசதிதான். தோட்டத்தில் நோய் இருப்பது கொழும்புக்குத் தெரிந்தால் அவர் பெயர் கெடும். தெரிந்தும் தெரியாதவர்போல இருந்துவிடுவார்.

என் கணவர் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். ஒரே அறை, நாலைந்து கட்டில், ஒரு மருந்து அலமாரி. பெரிய டாக்டர் முகம் சுளித்தால் அந்த வேலை போய்விடும். ஆகையால் அவரும் வாய் திறப்பதில்லை. நானும் கேட்பதில்லை.

ரப்பர் இலை உதிரும் காலம் அது. வருகைக்கு முந்தின நாள் மாலையில் என் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. அவள் அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தாள். கொயினா மருந்தைக் கரைத்துக் கொடுத்தோம், பாதியைத் துப்பிவிட்டாள். விடிந்ததும், ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி வந்து வாசலில் நின்றார்.

“பாப்பாவையும் அனுப்பிருங்கய்யா,” என்றார். “ஆஸ்பத்திரி ஐயா வூட்டுலயே காய்ச்சலுன்னா, டாக்டர் தொரை லயத்துல ஒவ்வொரு கம்பளியா தூக்கிப் பாப்பாரு. பொறகு நம்ம எல்லாரும் தனிக் கொட்டகையிலதான் கறி சமைக்கணும்.”

கணவர் என்னைப் பார்த்தார். “ஒரு பொழுதுதானே. இங்க அவருக்கு டீ குடுக்க நீ இருக்கணும். ஆயா தூக்கிக்கிட்டுப் போகட்டும்.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவருடைய வேலை. சொல்லாவிட்டால் என் குழந்தை. ஒருவேளை மலைமேல் காற்றுப் பட்டால் சூடு தணியுமோ என்றும் நினைத்தேன். காய்ச்சல் குழந்தைக்குக் காற்று ஆகுமா என்றும் உடனே நினைத்தேன். இதற்குள் பிள்ளைக் காம்பரா ஆயா கையை நீட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். அவளுக்கும் அன்று காய்ச்சல். பற்கள் கிடுகிடுத்தன.

“குடுங்கம்மா. நானும்தான் மலை மாறப் போறேன், ரெண்டு பேரும் சேந்தே போறோம். நீங்க இப்புடி மொகத்த வச்சுக்கிட்டு டீ ஊத்துனா, செத்தது யாருன்னு தொரையே கேட்டுப்புடுவாரு.”

“அடியே, காலங்காத்தால நல்ல வார்த்த பேசு,” என்றார் கங்காணி.

பெரிய டாக்டர் வெயில் ஏறும்போது வந்தார். உயரமான, வயதான வெள்ளைக்காரர், அதிகம் பேசமாட்டார். சபரகமுவ மாகாணம் முழுவதிலும் உள்ள ஆஸ்பத்திரிகளும் டாக்டர்களும் அவருக்குக் கீழே. அவருக்கு மேலே கொழும்பில்தான் ஆள். லயங்களில் புதுச் சுண்ணாம்பு வாசம் அடித்தது. ஒவ்வொரு வாசலிலும் குளித்துத் தலை வாரிய ஆட்கள் நின்றார்கள். இருமல் இல்லை, முனகல் இல்லை. ஓர் அறையில் சுருட்ட மறந்த பாய் ஒன்று கிடந்தது. அவர் குனிந்து, நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோலப் புறங்கையை அந்தப் பாயின்மேல் வைத்தார். அப்படியே வெகுநேரம் வைத்திருந்தார். பாய் இன்னும் சூடாக இருந்திருக்க வேண்டும். நிமிர்ந்து, கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வாசலுக்கு நடந்தார்.

எங்கள் வீட்டில் டீ குடிக்கும்போது, குழந்தை உண்டா என்று என்னிடம் இங்கிலீஷில் கேட்டார். உண்டு, உறவினர் வீட்டுக்குப் போயிருக்கிறது என்றேன். மிஷன் பள்ளியில் கற்ற இங்கிலீஷ் தடுமாறாமல் வந்தது. அவர் மூலையில் தொங்கிய தொட்டில் சேலையைப் பார்த்துக்கொண்டே கோப்பையைக் காலி செய்தார்.

பிறகு, குடிதண்ணீர் வரும் ஊற்றைப் பார்க்க வேண்டும், பக்கத்துத் தோட்டத்துக்கு ரப்பர் மலை வண்டிப் பாதையால் நடந்தே போகிறேன், கார் சுற்றிக்கொண்டு வரட்டும் என்றார்.

கணவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, வாசலில் நின்ற கங்காணிக்கு அதைத் தமிழில் சொன்னார். கங்காணி முந்திக்கொண்டார். “அங்க அட்டை ஜாஸ்திங்க தொரை. கால்ல ரத்தம் நிக்காது.”

கணவர் அதை இங்கிலீஷில் சொன்னார். இந்தக் காய்ச்சலில் அட்டை ஏது, மழைக்காலத்தில்தானே வரும் என்று கேட்டபடி பெரிய டாக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார். அதைக் கங்காணிக்குத் தமிழாக்கிய கணவர் வெயிலைத்தான் ‘காய்ச்சல்’ என்றார். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் கோப்பைகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. மூவருக்கும் பின்னால் நானும் நடந்தேன்.

ரப்பர் மலையில் நிழலே இல்லை. மற்ற சமயம் நண்பகலில்கூட இருட்டாக இருக்கும் இடம். இப்போது மரங்களில் ஓர் இலை இல்லாமல் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை வெறும் தண்டுகளாகத் தெரிந்தது. மலை மாறுவது எப்போதும் இலை மூடிய காலத்தில்தான் நடந்திருந்தது. இந்த முறை யாரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை. பால் வெட்டாத மரங்களில் பால் பிடிக்கும் சிரட்டைகள் கவிழ்ந்திருந்தன. எங்கள் காலடியில் சருகு நொறுங்கியது. நாங்கள் நின்றபோது, நொறுங்கும் சத்தம் எங்களுக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் கேட்டு, பிறகு நின்றது.

வளைவைத் தாண்டியதும் அவர்கள் இருந்தார்கள்.

எங்கள் ஆட்கள் மட்டுமல்ல. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள், மத்தியானம் டாக்டர் வந்துவிடுவார் என்று நேரத்தோடே கிளம்பி எதிரே வந்துவிட்டார்கள். நடுவழியில் இரண்டு கூட்டமும் சந்தித்தபோது, பெரிய டாக்டர் மேலே ஏறுகிறார் என்ற தகவலும் வந்திருக்கிறது. முன்னே போகவும் வழியில்லை, பின்னே போகவும் வழியில்லை. ஆளுக்கொரு மரமாகப் பார்த்து, அதன் அருகே கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். மரத்தின் நிறம்தான் கம்பளிக்கும். பார்வை போகும் தூரம்வரை ஒவ்வொரு தண்டின் பக்கத்திலும் இன்னொரு தண்டு. அந்தத் தண்டுகளில் கண்கள் இருந்தன.

பெரிய டாக்டர் நிற்கவில்லை. ஊற்றைச் சுற்றிக் கல் கட்ட வேண்டும், மாடு இறங்காமல் வேலி போட வேண்டும் என்று என் கணவரிடம் சொல்லிக்கொண்டே அவர்கள் நடுவே நடந்தார். தலையைத் திருப்பவில்லை. கணவர் “யெஸ் சேர், யெஸ் சேர்” என்றபடி கூடவே போனார். நின்றவர்களும் அவரைப் பார்க்கவில்லை. அவரைத் தாண்டி எங்கோ பார்த்தார்கள். அவருடைய நிழல் ஒவ்வொரு முகத்தின்மேலும் விழுந்து விலகியது. ஒருவரும் இமைக்கவில்லை. உண்மையில் அங்கே இருப்பது அவரா, அவர்களா என்று எனக்கே குழம்பியது.

கங்காணி என்னைத் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தார். எனக்கும் முதலில் நிம்மதிதான். அவர் இப்படியே கடந்துவிடுவார், பொழுது சாயுமுன் மகள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

அப்போது ஆயாவைக் கண்டேன். மரத்தில் சாய்ந்து நின்றாள். கம்பளிக்கு வெளியே என் மகளின் கை ஒன்று தொங்கியது. அது அசைகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. டாக்டர் அவர்களையும் கடந்து போய்விட்டார்.

“சேர்,” என்றேன். அவர் நடந்துகொண்டே இருந்தார்.

ஆயாவின் பிடியிலிருந்து குழந்தையை இழுத்தேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய ஓடு மாதிரிச் சுட்டது. கணவர் என் கையைப் பிடித்தார். எப்படி விடுவித்தேன் என்று நினைவில்லை. பாதையில் முன்னே ஓடி, குறுக்கே நின்று, வீட்டில் நான் சொன்னது பொய், இதுதான் என் குழந்தை என்றேன்.

தூக்கத்தில் நடந்தவரை எழுப்பியதுபோல அவர் என்னைப் பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார். கண் இமையை விலக்கினார், விலாவுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தார். எப்போதிலிருந்து காய்ச்சல் என்று கேட்டார். நேற்று மாலையிலிருந்து என்றேன். அதற்குப் பிறகுதான், மெதுவாக, தலையைத் திருப்பினார். ஒரு மரம், அடுத்த மரம், அதற்கு அடுத்தது. அவர் முகத்தில் ரத்தம் வற்றுவதைப் பார்த்தேன்.

எல்லாத் தோட்டத்திலும் இப்படித்தானா என்று கணவரிடம் கேட்டார்.

“யெஸ் சேர்.”

எவ்வளவு காலமாக?

கணவர் அந்தக் கேள்வியைத் தமிழில் கங்காணியிடம் தள்ளிவிட்டார். “தொரை வர ஆரம்பிச்ச காலத்துலேருந்துங்க,” என்றார் அவர்.

சருகு நொறுங்கியது. நின்றவர்களில் ஒருவர் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக, அந்த மலை முழுவதும், உட்கார்ந்தார்கள்.

என் மகள் பிழைத்தாள். இதை எழுதும்போது அடுத்த அறையில் தன் தம்பியோடு சண்டை போடுகிறாள். என் கணவரின் வேலை போய், குருவிட்டப் பக்கம் சின்னதொரு தோட்டத்தில் குறைந்த சம்பளத்துக்கு வேறு வேலை கிடைத்தது. அன்று இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்களில் பெரும்பாலோர் குணமாகித் திரும்பினார்கள். ஆயா திரும்பவில்லை. லயத்தில் கிடந்திருந்தால் தேறியிருப்பாள் என்று பெண்கள் என் காது படச் சொன்னார்கள். இருக்கலாம். மலைமேல் நின்றதாலா, காரில் ஆடியதாலா, நான் வாய் திறந்ததாலா என்று யாரிடம் கேட்பது?

அன்று குழந்தையையும் ஆயாவையும் என்னையும், பக்கத்துத் தோட்டத்தில் காத்திருந்த தம் காரிலேயே பெரிய டாக்டர் ஏற்றி அனுப்பினார். வளைவுகளில் கார் இறங்கும்போது ஆயா கம்பளிக்குள்ளிருந்து முகத்தை வெளியே நீட்டினாள். நடுக்கம் நின்றிருந்தது. கோபமாகக்கூட இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போலக் கேட்டாள்:

“நல்லாத்தானேம்மா நின்னுக்கிட்டிருந்தோம். தொரைய ஏன் கூப்பிட்டீங்க?”